பதினோராவது இணைப்பு

கன்னையாவுக்கு வேண்டியிருந்தது ஒரு சாவி.

பிரிக்பீல்ட்ஸில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் மேன்மைச் சபைக்கு மூன்று அடுக்குக் கட்டடம். தரைத்தளத்தில் கல்யாண மண்டபம். முதல் மாடியில் அலுவலகம். இரண்டாம் மாடியில் செயற்குழு. மகள் சந்திரகலாவின் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்தை அவர் போன வருடமே பிடித்து, முழுப் பணமும் கட்டியிருந்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கிள்ளானில் ரயில் ஏறி, சாவியை வாங்கிப்போக வந்தார். மத்தியானம் திரும்பி வந்து லோரியை எடுத்துவிடுவதாக தான் வேலை பார்க்கும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்.

அலுவலகக் கவுண்டரில் புஷ்பவல்லி இருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதைப் படித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி அதே பெட்டி.

“கெடைக்கல அண்ணே.”

“மண்டபமா?”

“கனெக்சன்.”

கன்னையா கொஞ்சம் யோசித்தார்.

“எனக்கு அது வேணாம்மா. சாவி போதும்.”

சாவி கொடுக்க வேண்டுமானால் மண்டபம் அவர் பேரில் இருப்பதைப் பார்க்க வேண்டும். அது சர்வரில் இருக்கிறது. சர்வர் மாடியில் இருக்கிறது. கீழே இருக்கும் கம்ப்யூட்டர் மாடியில் இருக்கும் சர்வரிடம் கேட்கும். சர்வர் உள்ளே விட்டால் கோப்பைத் திறக்கலாம். விடவில்லை என்றால் இந்தப் பெட்டி வரும். புஷ்பவல்லி இதைப் பொறுமையாகச் சொன்னாள். பலருக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

“எப்பலேர்ந்து விடல?”

“தெறப்பு விழா நடந்த நாள்லேர்ந்து.”

கன்னையா சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து வைத்தார்.

“இது நீங்க பணம் கட்டுனதுக்கு ஆதாரம் அண்ணே. மண்டபம் கெடச்சதுக்கு இல்ல.”

“முந்தி ஒரு பெரிய புத்தகம் இருந்துச்சே. அதுல எம் பேர எழுதுனாங்களே.”

“அதுல இருந்ததெல்லாம் சர்வர்ல ஏத்திட்டு, அத போர்ட் கிள்ளான் கடல்ல கரைச்சுட்டாங்க.”

உண்மைதான். சபை கம்ப்யூட்டர் யுகத்துக்குள் நுழைந்த அன்று பழைய பதிவேட்டுக்கு மாலை போட்டு, மேளத்தோடு வேனில் ஏற்றிப்போய், படகு பிடித்துக் கடலில் விட்டார்கள். செயற்குழுவில் மூத்தவர் ஒருவர் படகிலேயே தலை முழுகினார் என்று புஷ்பவல்லி சொன்னாள்.

கன்னையா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மண்டபத்தின் கதவு தெரிந்தது. அதில் பூட்டும் தெரிந்தது.

“மண்டபம் காலியாத்தாம்மா இருக்கு. கண்ணால பாக்குறேன்.”

“கண்ணால பாத்தா செல்லாது அண்ணே. மேல போயி ராதாகிருஷ்ணன் சாரப் பாருங்க.”

ராதாகிருஷ்ணன் சபையின் கணினிக் குழுத் தலைவர். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். அந்தத் தகுதியில் அவர் போட்டியின்றித் தேர்வானார். கன்னையா சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்தார்.

“செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க.”

சர்வர் பூசை அறையில் இருந்தது. கட்டடத்தில் ஏர்கண்டிஷனும் பூட்டும் சேர்ந்து இருந்த அறை அது ஒன்றுதான். ஒரு பலகைமேல் வெள்ளைப் பெட்டி. பெட்டியின் நெற்றியில் விபூதிப் பட்டை, குங்குமம். திரைக்குப் பட்டுத்துணி. விசைப்பலகையில் பூசிய சந்தனம் காய்ந்து, எழுத்துகள் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் குருக்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இதுல நேராவே தட்டிப் பாக்க முடியாதா, சார்?”

ராதாகிருஷ்ணன் குருக்களைப் பார்த்தார். குருக்கள் பேப்பரை இறக்கினார்.

“பிரதிஷ்டை ஆயிடுத்து. இனிமே தொடப்படாது.”

அர்ச்சனை வேண்டுமானால் செய்யலாம் என்றார். கன்னையா ஒரு சீட்டு வாங்கினார். யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். மகள் பேரைச் சொல்ல வாயெடுத்தார் கன்னையா. ராதாகிருஷ்ணன் முந்திக்கொண்டு, “சர்வர் பேருக்கு,” என்றார். நட்சத்திரம் உத்திரட்டாதி. பெட்டியைப் பிரித்த நேரத்தை வைத்து முன்பே கணித்திருந்தார்கள்.

அர்ச்சனை முடிந்ததும் கன்னையா விபூதியோடு கவுண்டருக்கு இறங்கினார். புஷ்பவல்லி தட்டினாள். பெட்டி வந்தது.

மத்தியானம் கம்ப்யூட்டர் கடையிலிருந்து லிம் வந்தார். சபைக்கு எல்லாக் கம்ப்யூட்டரையும் விற்றவர் அவர்தான். கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றபடி திரையில் வந்த பெட்டியை ஒரு தடவை படித்தார். அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

“பெனோ லா,” என்றார். நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

“என்ன பெனோ, பாஸ்?” கன்னையா கேட்டார்.

லிம்முக்குக் கொஞ்சம் தமிழ் வரும். மீதியை மலாயில் நிரப்பிக்கொள்வார்.

“இந்த சர்வர் பத்து ஓராங்தான் மாசோக் போலே. பத்து ஓராங் சுடா உள்ள. இவங்க நம்பர் பதினொன்னு. எப்படி மாசோக்?” கையை விரித்தார். “ஒரு ஓராங் கெலுவார், இவங்க மாசோக். ஹாபிஸ் செரித்தா.”

கதை முடிந்தது என்று கன்னையாவும் நினைத்தார். உள்ளே பத்துப் பேர், வெளியே ஒருத்தர். ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போகலாம். பஸ்ஸில் இதைத்தான் தினமும் பார்க்கிறோம்.

“அந்தப் பத்துப் பேரு யாரு?”

புஷ்பவல்லி விரலை மேலே காட்டினாள்.

பெரிய சர்வர் வாங்கினால் நூறு பேர்கூடப் போகலாம், விற்கும்போதே சொன்னேன், கேட்கவில்லை என்றார் லிம். மிச்சப்படுத்திய காசுக்கு வெல்வெட் துணி வாங்கினார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ராதாகிருஷ்ணன் கன்னையாவை இரண்டாம் மாடியில் செயற்குழு அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் ஓரமாகப் பத்துக் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைப் பெயர்ப் பலகை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் மஞ்சள் வெல்வெட் போர்த்தியிருந்தது. திறப்பு விழா அன்று சபைத் தலைவர் டத்தோ ராமசுப்பிரமணியன் ரிப்பன் வெட்டினார். பத்து உறுப்பினர்களும் பொன்னாடையோடு பத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். லிம் ஒவ்வொருவராக உள்ளே ஏற்றிவிட்டார். விழா மலருக்கு ஒவ்வொருவரும் எழுதிய வாழ்த்துரை அவரவர் திரையில் திறந்தது. படம் எடுத்தார்கள். சாப்பிடப் போனார்கள். அவ்வளவுதான். யாரும் எதையும் மூடவில்லை. வாழ்த்துரை திறந்திருக்கும்வரை இணைப்பும் அறுந்து போகாது.

அறையில் ஒருவர் மட்டும் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார். துணைத் தலைவர் நாச்சியப்பன். தினமும் வந்து உட்காருகிறார். தான் இல்லாத நேரம் பார்த்து டத்தோவின் ஆட்கள் தன் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

“யாராச்சும் ஒருத்தரு கொஞ்ச நேரம் வெளிய வந்தீங்கன்னா போதும்ங்க,” என்றார் கன்னையா. “எம் பேரு இருக்கான்னு அந்தத் தங்கச்சி பாத்துக்கும். அப்பறம் நீங்க உள்ள போயிக்கலாம்.”

நாச்சியப்பன் உரித்த பழத்தைக் கீழே வைத்தார்.

“நீங்க என்ன வேல பாக்குறீங்க?”

“லோரி ஓட்டுறேன்.”

“உங்க லோரிய இன்னொருத்தன் கொஞ்ச நேரம் ஓட்டித் தாரேன்னா குடுப்பீங்களா?”

“லோரிய நான் ஓட்டிக்கிட்டு இருக்கேங்களே.”

நாச்சியப்பன் பழத்தை மறுபடி கையில் எடுத்தார்.

கன்னையா பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசிக் கம்ப்யூட்டரின்மேல் வெல்வெட்டுக்கு மேலே ஒரு படம் இருந்தது. படத்துக்குச் சந்தன மாலை. கீழே சாத்தப்பன் என்று பலகை.

“இவரு?”

“போன வாரம் காலமாயிட்டாரு,” என்றார் ராதாகிருஷ்ணன்.

“அப்ப இவரு இடம் காலிதானே, சார்?”

ராதாகிருஷ்ணன் பதறிவிட்டார். கன்னையாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

“மெதுவா பேசுங்க. அவரு போனாரு. அவரு கனெக்சன் போகல.”

செயற்குழுவில் டத்தோ பக்கம் ஐந்து பேர், நாச்சியப்பன் பக்கம் ஐந்து பேர். சாத்தப்பன் நாச்சியப்பன் ஆள். அவருடைய இணைப்பு அறுந்தால் இடம் காலியானதாக அர்த்தம். காலியானால் தேர்தல் நடத்த வேண்டும். தேர்தலில் டத்தோ பக்கம் ஜெயித்துவிடும் என்று நாச்சியப்பன் பயந்தார். தன் ஆள் ஒருவர் பக்கம் மாறி நாச்சியப்பன் பக்கம் ஜெயித்துவிடும் என்று டத்தோ பயந்தார். அதனால் சாத்தப்பன் தொடர்ந்து பதவியில் இருந்தார். அவர் காலமான பிறகு நடந்த கூட்டத்துக்கும் அவர் வந்திருந்ததாகப் பதிவாகியிருந்தது.

“அவங்க வீட்டு ஆச்சி மனசு என்ன பாடுபடும்?” என்றார் ராதாகிருஷ்ணன். “நாங்க அதையும் பாக்கணும்ல.”

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி இராஜம்மா கேட்டாள்.

“சாவி எங்க?”

“மண்டபம் இருக்கு. கனெக்சன் கெடைக்கல.”

“ஒரு சாவி வாங்கப் போன ஆளு இவரு,” என்று அவள் சந்திரகலாவிடம் சொன்னாள். “துன்னூறு பூசிக்கிட்டு வந்து நிக்கிறாரு.”

வெள்ளிக்கிழமை செயற்குழு அவசரமாகக் கூடியது. கன்னையாவைக் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பத்தாவது நாற்காலியில் சாத்தப்பனின் படம் இருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு கிளாஸ் தே தாரே வைத்தார்கள்.

டத்தோ எழுந்தார்.

“உறுப்பினர்களே. சர்வர் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. இதைக் குறை என்று யார் சொன்னது? மற்ற சங்கங்களைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகிறார்கள். கோப்பை எடுக்கிறார்கள், படிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். நம் சபையில் சர்வர் வந்த நாள் முதல் ஒரு கோப்பு வெளியே போனதில்லை. ஓர் எழுத்து மாறியதில்லை. ஒரு தவறு நடந்ததில்லை. எதுவுமே நடக்காத இடத்தில் தவறும் நடக்காது என்பதை நாம் இந்தச் சமுதாயத்துக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறோம்.”

கைதட்டினார்கள். நாச்சியப்பன் எழுந்தார்.

“டத்தோவோடு எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு. மக்கள் உள்ளே வர வேண்டும் என்பதுதான் என் முப்பது வருடப் போராட்டம். வரட்டும். நன்றாக வரட்டும். ஆனால் நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வர வேண்டும் என்று நான் ஒரு மேடையிலும் பேசியதில்லை. பழைய பேப்பரை எடுத்துப் பாருங்கள்.”

அவருக்கும் கைதட்டினார்கள்.

அதன்பிறகு தீர்மானங்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்காத சர்வரின் போக்கைச் சபை வன்மையாகக் கண்டித்தது. கண்டனத்தின் நகல் ஒன்றைச் சர்வருக்கு முன்னால் வைப்பதென்று முடிவானது. இணைப்பு ஏன் மறுக்கப்படுகிறது என்று கண்டறிய ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மறுக்கப்பட்டவர்களைக் குழுவில் சேர்த்தால் நடுநிலை கெடும் என்பதால், உள்ளே இருக்கும் பத்துப் பேரே குழுவானார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையைச் சர்வரில் வைப்பதென்றும், பொதுமக்கள் கவுண்டரில் வந்து படிக்கலாம் என்றும் ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

கன்னையா கையைத் தூக்கினார்.

“கல்யாணம் நாளன்னிக்குங்க, டத்தோ.”

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டத்தோவின் முகம் கனிந்தது.

“கன்னையா குடும்பத்தாருக்குச் சபை தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.”

எழுந்து நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கன்னையாவும் நின்றார். படத்தைத் தவிர எல்லாரும் நின்றார்கள்.

சனிக்கிழமை காலை அவர் சாத்தப்பன் வீட்டைத் தேடிப் போனார். சபைக்குப் பின்தெருதான். சாத்தப்பனின் மனைவி அழகம்மை ஆச்சி வாசலுக்கு வந்தார். கன்னையா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஆச்சி மனசு என்ன பாடுபடும் என்று சபையில் எல்லாரும் கவலைப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

“யாரு கவலப்படுறாக?”

“எல்லாருந்தான், ஆச்சி.”

“எழவுக்கு வந்து மால போட்டுப் படம் எடுத்தாக. அதுக்கப்பறம் ஒருத்தரையும் காணோமே.” ஆச்சி கதவில் சாய்ந்துகொண்டார். “அவுக அந்த மிசினத் தொட்டதே கெடையாது. பொன்னாடை போத்துனாக, உக்காந்துட்டு வந்தாக. வீட்டுல டீவி போடக்கூட நாந்தேன் வரணும். இப்ப நான் என்ன பண்ணணுங்குறீக?”

“அவர வெளிய விட்ருங்க, ஆச்சி.”

ஆச்சி செருப்பை மாட்டினார். கன்னையாவை முன்னால் விட்டுப் பின்னாலேயே வந்தார். இரண்டு மாடி ஏறினார். அறைக்குள் போய்ப் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார். வெல்வெட்டை விலக்கினார். சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். திரை அணைந்தது.

“வரேன்,” என்று சொல்லிவிட்டுப் படத்தோடு இறங்கிப் போனார்.

நாச்சியப்பன் வாயில் இருந்த பழத்தை விழுங்க மறந்தார். கன்னையா கீழே கவுண்டருக்கு ஓடினார். அது அவர் நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. டத்தோ வீட்டுக்குப் போன் பறந்தது. அவர் வருவதற்குள் கவுண்டர் கம்ப்யூட்டரின் பிளக்கை ராதாகிருஷ்ணனே பிடுங்கிவிட்டார். காலியான இடத்தைக் கவுண்டர் பிடித்துக்கொண்டால் புஷ்பவல்லி செயற்குழு உறுப்பினர் ஆகிவிடுவாள் என்று அவர் அஞ்சினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். முகூர்த்தம் பத்தரைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை சபைக் கட்டடத்தின் முன்னால் கல்யாணம் நடுத்தெருவில் நின்றது. சமையல்காரர் அண்டாக்களைக் காலடியில் வைத்துக்கொண்டு ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரக்காரர் பையைத் திறக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிவந்த லோரிக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. மாப்பிள்ளை எதிர் வரிசையில் கோப்பிக் கடையில் பட்டு வேட்டியோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சந்திரகலா வேனுக்குள் நகையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சம்பந்தி,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, “மண்டபம் கட்டிக்கிட்டு இருக்காங்களா?”

“தேர்தல் நடக்குதுங்க.”

“நம்ப கல்யாணத்துக்கா?”

கன்னையா மேலே போனார். டத்தோ நிறுத்திய ஆளை நாச்சியப்பன் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. நாச்சியப்பன் நிறுத்திய ஆள் அவருடைய மருமகன். ஐந்து ஓட்டு ஒருபக்கம், நாலு ஓட்டு மறுபக்கம் என்று கணக்கு வந்ததும், ஆள் குறைந்தால் தேர்தல் செல்லாது என்று நாச்சியப்பன் பக்கத்து நாலு பேரும் கூட்டத்தைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஆனால் வெளியே போகவில்லை. போனால் இணைப்பை யார் பார்த்துக்கொள்வது? அறைக்குள்ளேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மணி ஒன்பதரை ஆனது. கீழே பஸ் இன்னும் ஹார்ன் அடித்தது.

கதவோரம் வேட்டி சட்டையில் நின்ற கன்னையா டத்தோ கண்ணில் பட்டார்.

“நீங்க எந்தப் பக்கம்?”

“பொண்ணு பக்கம்ங்க, டத்தோ.”

டத்தோ யோசித்தார். நாச்சியப்பன் சுவரிலிருந்து திரும்பி யோசித்தார். சபையில் இரண்டு பக்கமும் இல்லாத ஓர் ஆளை அவர்கள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இவனால் நமக்கு லாபம் இல்லை, ஆனால் அவனுக்கும் இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டார்கள். கன்னையா போட்டியின்றி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மகளுக்கு வாங்கியிருந்த மாலைகளில் ஒன்றைக் கீழேயிருந்து கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பத்தாவது நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

புஷ்பவல்லி மேலே வந்து தட்டினாள். பெட்டி வரவில்லை. ஒரு பட்டியல் வந்தது. அதில் அன்றைய தேதிக்கு நேராகக் கன்னையா, கிள்ளான் என்று இருந்தது.

“இருக்கு அண்ணே.”

“எனக்குத் தெரியும்மா,” என்றார் கன்னையா.

அவள் கோப்பை மூடிவிட்டுச் சாவியோடு கீழே ஓடினாள். பூட்டுத் திறக்கும் சத்தம் மேலே வரை கேட்டது. அதன்பின் அண்டா உருளும் சத்தம். நாற்காலிகள். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்தார். கன்னையா எழுந்தார்.

“உக்காருங்க,” என்றார் ராதாகிருஷ்ணன்.

“முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, சார்.”

“எங்களுக்கெல்லாம் வாழ்த்துரை தெறந்திருக்கு. உங்களுக்கு வாழ்த்துரை இல்ல. சும்மா விட்டா கால் மணி நேரத்துல மிசின் உங்கள வெளிய தள்ளிடும். மவுஸ ஆட்டிக்கிட்டே இருக்கணும்.”

“தள்ளட்டுமே.”

“இணைப்பு போனா பதவி போச்சு. பதவி போனா நீங்க உறுப்பினரா இருந்து தெறந்த மண்டபமும் செல்லாது. சட்டம் அப்படி.”

கன்னையா உட்கார்ந்தார். மவுஸை ஆட்டினார்.

“ஒரு வாழ்த்துரைய எழுதித் தெறந்து வச்சிட்டுப் போகலாமா?”

“அதுக்கு மலர்க்குழு கூடி ஒப்புதல் தரணும்.”

“எவ்வளவு நேரம் இப்படி ஆட்டணும்?”

“பதவிக்காலம் ரெண்டு வருஷம்.”

கீழே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. கன்னையா ஆட்டினார். திரையில் ஓர் அம்புக்குறி வலமும் இடமும் போனது. சுற்றிலும் ஒன்பது பேர் அவரவர் வெல்வெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். புது ஆள் என்றாலும் பொறுப்பாகச் செய்கிறான் என்ற திருப்தி அந்த முகங்களில் தெரிந்தது.

இராஜம்மா புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்க ஏறி வந்தாள். மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“இங்க யாருக்குக் கல்யாணம்?”

“இல்ல இராஜம்மா, இத ஆட்டலன்னா மண்டபம் போயிரும்.”

“தார வாக்க ஆளில்லாம ஐயரு சொம்ப வச்சிக்கிட்டு நிக்கிறாரு. பிள்ள அழுவுது. நீங்க வரீங்களா, இல்ல நான் சமையக்காரரக் கூப்புட்டு நிக்க வைக்கவா?”

கன்னையாவின் கை நின்றது. அம்புக்குறியும் நின்றது.

“எப்படி வெளிய போறது?” என்று கேட்டார்.

டத்தோ ராதாகிருஷ்ணனைப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார்.

“அது எங்களுக்குச் சொல்லித் தரல,” என்றார்.

“கன்னையா, நல்லா யோசிங்க,” என்றார் நாச்சியப்பன். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. “இந்தச் சபையில இதுவரைக்கும் யாரும் தானா எந்திரிச்சது கெடையாது.”

“தெரியுதுங்க,” என்றார் கன்னையா. குனிந்து கம்ப்யூட்டரின் வயரைத் தேடிப் பிடித்து இழுத்தார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். மாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அது மகளுடையது.

“மண்டபம் செல்லாது,” என்றார் டத்தோ. “இடம் காலியாகிவிட்டது என்று முறைப்படி தீர்மானம் போட்ட உடனே செல்லாது.”

“போடுங்க, டத்தோ.”

“அதுக்கு யாரு முன்மொழியுறது?” என்று ஒருவர் கேட்டார். “வெளிநடப்புச் செஞ்சவங்க வழிமொழியலாமா?” என்று இன்னொருவர் கேட்டார். ஏன் கூடாது என்று வெளிநடப்புச் செய்த நாலு பேரும் எழுந்தார்கள். கதவைத் தாண்டும்போது டத்தோ தொண்டையைச் செருமும் சத்தம் கன்னையாவுக்குக் கேட்டது. அவர் செருமினால் பேச்சு அரை மணிக்குக் குறையாது. முகூர்த்தத்துக்கு அது போதும்.

இராஜம்மா முன்னால் இறங்கினாள். கன்னையா பின்னால் இரண்டு இரண்டு படியாகத் தாவினார். முதல் மாடியில் கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் ரசீதோடு நின்றார்கள். யாரோ பிளக்கை மறுபடி மாட்டியிருந்தார்கள். புஷ்பவல்லி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“அண்ணே, கனெக்சன் கெடச்சு உள்ள போயிருச்சு.”

கன்னையா படியில் நின்று மேலே பார்த்தார். கைதட்டல் கேட்டது.

“மெதுவா பேசும்மா,” என்றார். “சீக்கிரமா எல்லாருக்கும் பாத்துக் குடுத்துரு.”

வரிசையில் முதலில் நின்றவர் எட்டி, “ஊரு ரவாங்கும்மா, தை மாசக் கல்யாணம்,” என்று கிசுகிசுத்தார். புஷ்பவல்லி தட்டினாள். கீழே கெட்டிமேளம் கேட்கத் தொடங்குவதற்குள் கன்னையா மீதிப் படிகளை இறங்கிவிட்டார்.